பாட்டைத் தகட்டில் எழுதுவோம்
குறுந்தகடு பதிவுக்கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, அதிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்துக் கொடுத்தார். "மாமா பாடினது இதுலதான் இருக்கு தம்பி. எந்தப் பெட்டியில போட்டாலும் பாடமாட்டேங்குது. நீ பிஸிக்ஸ் வாத்தியாராச்சே, என்னன்னு பாரேன்" என்றார்.

மாமா நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். 2003-ஆம் ஆண்டில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, வீட்டின் பின்கட்டு அறையில் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு, தம் பாடல்களைப் பதிவு செய்தார். அப்போது நான் பள்ளி மாணவன். ஒலிவாங்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நான்கு தடங்கள் கொண்ட கேசட் கருவி ஒன்றில் குரல், ஆர்மோனியம், தபலா, புல்லாங்குழல் ஆகியவற்றைத் தனித்தனியே பதித்தார்கள். பிறகு அந்த நான்கையும் வேண்டிய அளவில் கலந்து, இடம், வலம் என்னும் இரு தடங்களாக்கி, சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்த பதிவுக்கருவியின் மூலம் குறுந்தகட்டில் எழுதினார்கள். இவ்வாறு பல தடங்களை இரண்டாகக் கலந்து பதிவதையே ஒலிப்பதிவாளர்கள் 'மிக்ஸ்டவுன்' என்கிறார்கள். நாம் கலவைப் பதிவு என்போம்.

பிற்காலத்தில் அந்தக் கருவி பழுதாகிப் பழைய சாமான் கடைக்குப் போயிற்று. கேசட்டுகள் பூஞ்சணம் பிடித்து வீணாயின. 2019-இல் மாமாவும் மறைந்தார். எஞ்சியது இந்த ஒரு தகடு மட்டுமே. அதுவோ எந்தக் கருவியிலும் பாட மறுத்தது.

வாசகர்களே! உங்களில் சிலர் வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்பவர்களாக இருக்கலாம். கணிப்பொறியின் துணையின்றித் தனித்து இயங்கும் குறுந்தகடு பதிவுக்கருவி ஒன்றை வாங்கலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். இன்று கைமாறுபவற்றில் பெரும்பாலானவை பழைய கருவிகளே. எது நல்ல கருவி, எதைப் பார்த்து வாங்குவது? இக்கேள்விக்கு மாமாவின் தகடு நல்ல பாடம் கற்பிக்கும். ஏனெனில் அந்த ஒரே தகட்டில் மூன்று பிழைகள் இருந்தன.

தகட்டை அளவுகோலால் அளத்தல்

முதலில் தகட்டில் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று அறிய வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கண்ணே போதும். எழுதக்கூடிய குறுந்தகட்டின் அடிப்புறத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மையத்தை ஒட்டி ஒரு வளையம் சற்றுக் கருமையாகவும், அதற்கு வெளியே உள்ள பகுதி வேறு சாயலிலும் தெரியும். கருத்த வளையமே எழுதப்பட்ட பகுதி.

இதன் காரணம் எளிது. இத்தகைய தகட்டில், ஊடுருவு பிளாஸ்டிக்குக்கும் பளபளக்கும் உலோகப் படலத்துக்கும் நடுவே மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. எழுதும்போது லேசர் கதிரின் திறனைக் கருவி சில மில்லிவாட் அளவுக்கு உயர்த்துகிறது. கதிர் பட்ட இடத்தில் சாயம் சூடேறிச் சிதைகிறது. அவ்விடம் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிக்கிறது. படிக்கும்போது கதிரின் திறன் மிகக் குறைவு. ஆகவே சாயம் சிதைவதில்லை. பளிச்சிடும் இடம், மங்கிய இடம் என்று மாறி மாறி வருவதைக் கருவி எண்களாகப் புரிந்துகொள்கிறது. அச்சுத் தகடுகளில் குழிகள் செய்யும் வேலையை இங்கே கருகிய சாயம் செய்கிறது.

மாமாவின் தகட்டிலும் கருத்த வளையம் தெரிந்தது. உடனே அளவுகோலை எடுத்தேன். குறுந்தகட்டில் ஒலிப்பதிவு மையத்திலிருந்து 25 மி.மீ. தொலைவில் தொடங்கி வெளிநோக்கிச் செல்கிறது. இந்தத் தகட்டில் அது 44 மி.மீ. வரை சென்றிருந்தது. வளையத்தின் பரப்பு எவ்வளவு? 44-இன் வர்க்கம் 1936, 25-இன் வர்க்கம் 625, வேறுபாடு 1311. இதைப் பை என்னும் மாறிலியால் பெருக்கினால் சுமார் 4119 சதுர மி.மீ. சுருள் தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது 0.0016 மி.மீ. பரப்பை இதனால் வகுத்தால் தடத்தின் நீளம் கிடைக்கும். அது ஏறத்தாழ 2,574 மீட்டர்! 74 நிமிடத் தகட்டில் தடம் நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வேகத்தில் கடந்து செல்கிறது. ஆகவே பதிவின் காலம் 2,145 நொடி. சற்றேறக்குறைய 36 நிமிடம்.

"அத்தை, முப்பத்தாறு நிமிஷம் மாமா பாடியிருக்கார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கவில்லை. ஏன்?

முதற்பிழை: மூடாத தகடு

ஒரு நூலில் பொருளடக்கம் இருப்பது போலக் குறுந்தகட்டிலும் உண்டு. எத்தனை பாடல்கள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற விவரம், ஒலிப்பதிவுக்கும் உட்புறமாக, 23 முதல் 25 மி.மீ. வரையுள்ள முகப்புப் பகுதியில் எழுதப்படும். பாட்டுப் பெட்டியில் தகட்டைப் போட்டதும் கருவி முதலில் படிப்பது இதைத்தான். இது இல்லையென்றால், தகடு வெறுமையானது என்றே அது முடிவு செய்துவிடும்.

பதிவுக்கருவி பாடல்களை எழுதும்போது, இந்தப் பொருளடக்கத்தை உடனே எழுதுவதில்லை. நாளைக்கு இன்னும் ஒரு பாட்டைச் சேர்க்க நீங்கள் விரும்பலாம் அன்றோ? அதுவரை குறிப்புகளை முகப்புக்கும் உள்ளே ஒரு தற்காலிகப் பகுதியில் எழுதி வைக்கும். சாதாரணப் பாட்டுப் பெட்டிகள் அப்பகுதியைப் பார்ப்பதில்லை. எல்லாம் முடிந்தபின், 'ஃபைனலைஸ்' என்று குறிக்கப்பட்ட பொத்தானை அழுத்தினால்தான் நிலையான பொருளடக்கம் எழுதப்பட்டுத் தகடு மூடப்படும்.

மாமா அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. அவருடைய கருவியில் தகடு நன்றாகவே பாடியது. ஆகையால் குறை ஏதும் அவருக்குத் தெரியவில்லை. இன்னும் மூன்று பாடல்களைச் சேர்க்க நினைத்திருந்தார் என்று அத்தை சொன்னார்.

அதிர்ஷ்டவசமாக, என்னோடு பணிபுரியும் நண்பரிடம் வேறொரு நிறுவனத்தின் பழைய பதிவுக்கருவி இருந்தது. பதிவுக்கருவிகளால் அந்தத் தற்காலிகக் குறிப்பைப் படிக்க முடியும். தகட்டை உள்ளே இட்டோம். நெடுநேரம் தடுமாறிய பின் முகப்பில் 7 என்ற எண் ஒளிர்ந்தது. நண்பர் பொத்தானை அழுத்தி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்தே கிடந்த தகட்டை மூடினார்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. பதிவுக்கருவியின் தரத்தை அதே கருவியில் தகட்டைப் போட்டுக் கேட்டு அறிய முடியாது. வாங்குமுன் ஒரு புதிய தகட்டில் பத்து நிமிடம் பதிந்து, மூடி, தொடர்பில்லாத மூன்று பாட்டுப் பெட்டிகளில் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் தடையின்றிப் பாடினால் கருவியின் லேசர் நல்ல நிலையில் இருக்கிறது எனலாம்.

பலமுறை அழித்தெழுதும் தகடுகளை இச்சோதனைக்கோ பிறருக்குக் கொடுக்கவோ பயன்படுத்த வேண்டாம். ஒருமுறை எழுதும் சாயத் தகடு, விழும் ஒளியில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் பிரதிபலிக்கிறது. அழித்தெழுதும் தகடு பிரதிபலிப்பதோ 15 முதல் 25 சதவீதமே. பழைய பெட்டிகள் பலவற்றால் இந்த மங்கிய ஒளியைப் படிக்க இயலாது.

இரண்டாம் பிழை: முள் சிவப்பில்

முதல் பாட்டு ஒலித்தது. மாமாவின் குரல்தான். ஆனால் உச்சஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் சுருதி கெடாமல் குரல் மட்டும் தகரம் கிழிவது போல் கரகரத்தது. காரணம் என்ன?

குறுந்தகட்டில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு 44,100 முறை மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டு கொண்ட எண். அதாவது −32,768 முதல் +32,767 வரை 65,536 படிகள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டிசிபெல் வீதம், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டிசிபெல் இடம் கிடைக்கிறது.

மேல் எல்லைக்கு அப்பால் எண் இல்லை. மின்னழுத்தம் எவ்வளவு உயர்ந்தாலும் 32,767 என்றே பதிவாகும். அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். அந்தக் கூர்மையான வெட்டுதான் கரகரப்பு. கேசட் நாடாவின் இயல்பு வேறு. அதில் அளவு மிகும்போது காந்தத் துகள்கள் படிப்படியாக நிறைவடைகின்றன. அலையின் தலை மெல்ல வளைகிறது. காதுக்கு அவ்வளவு உறுத்துவதில்லை. நாடாவின் இரைச்சலை மறைக்க, முள் சிவப்பைத் தொடும் வரை அளவை ஏற்றுவது அந்நாளைய வழக்கம். கேசட்டில் பழகிய கை, குறுந்தகட்டிலும் அப்படியே செய்துவிட்டது.

சிறிது கணக்கிட்டால் அச்சம் தேவையில்லை என்பது விளங்கும். உச்ச ஒலியும் எல்லைக்கு 6 டிசிபெல் கீழே நிற்குமாறு பதிந்தால் நாம் இழப்பது ஒரு பிட்டு மட்டுமே. இன்னும் 90 டிசிபெல் மீதியிருக்கும். சாதாரணக் கேசட்டின் வீச்சோ 50 முதல் 60 டிசிபெல்தான். ஆகவே அளவைக் குறைத்துப் பதிவதால் நட்டமில்லை. மீறிப் பதிவதால் ஏற்படும் கேட்டுக்கு மருந்தில்லை.

கருவியை வாங்கும்போது இதற்காக இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, அளவுகாட்டி. எல்லையைத் தொட்டதும் எச்சரித்து, உச்ச அளவைச் சற்று நேரம் நிறுத்திக் காட்டும் காட்டியே நல்லது. மற்றொன்று, உள்ளீட்டின் மின்னழுத்தம். வீட்டுக் கருவிகள் ஏறத்தாழ 0.32 வோல்ட்டை இயல்பளவாகக் கொண்டவை. தொழில்முறைக் கலவைக் கருவிகள் தருவது 1.23 வோல்ட். வேறுபாடு சுமார் 12 டிசிபெல். பொருந்தாத இரண்டை இணைத்தால் ஒலி ஒன்று பொங்கி வழியும், அல்லது அடங்கிப்போய் இரைச்சலில் கலக்கும். உங்கள் கலவைக் கருவி எந்த அளவு தருகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற உள்ளீடு உள்ளதை வாங்குங்கள்.

கலவைக் கருவியில் எண்முறை வெளியீடு இருந்தால் எண்களை நேரடியாகவே அனுப்பலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எண்முறைப் பதிவுக்கருவிகள் பலவும் நொடிக்கு 48,000 முறை அளப்பவை. குறுந்தகடு ஏற்பது 44,100 மட்டுமே. இந்த விந்தையான எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? தொடக்க காலத்தில் எண்முறை ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவைப் பயன்படுத்தினார்கள். ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், ஒரு புலத்துக்கு 245 கோடுகள், நொடிக்கு 60 புலங்கள். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்! 48,000 வீதத்தில் அளந்ததை 44,100 வீதத்தில் வாசித்தால், பாட்டு மெதுவாவதோடு சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை சுரத்தானம் இறங்கிவிடும். ஆகவே, வரும் வீதத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சுற்று பதிவுக்கருவியினுள் இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாம் பிழை: பேனாவின் கூர்முனை

இரண்டு முதல் ஐந்து வரையுள்ள பாடல்கள் தெளிவாகக் கேட்டன. ஆறாவது பாட்டு நடுவே திக்கியது. ஏழாவது பாதியில் நின்றது. தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேற்புறத்தில் மாமா தம் பெயரையும் தேதியையும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தமாக எழுதியிருந்தார். எழுத்துகள் மையத்திலிருந்து 40 மி.மீ.க்கு அப்பால் இருந்தன. மேலே கண்ட கணக்கின்படி 40 மி.மீ. என்பது ஏறத்தாழ 27-ஆவது நிமிடம். ஆறாவது பாட்டு தொடங்குமிடம் அதை ஒட்டியே!

குறுந்தகட்டின் அடிப்புறந்தான் மென்மையானது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு மாறானது. அடிப்புறத்தில் 1.2 மி.மீ. தடிப்புள்ள பிளாஸ்டிக் காவல் நிற்கிறது. லேசர் கதிர் அதன் பரப்பில் நுழையும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் கொண்டது; பதிவுப் படலத்தை அடையும்போதுதான் ஒரு புள்ளியாகக் குவிகிறது. ஆதலால் பரப்பில் உள்ள தூசியும் மெல்லிய கீறலும் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மேற்புறத்திலோ உலோகப் படலத்தைக் காப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. கூர்முனை அழுத்தினால் உலோகமும் சாயமும் நசுங்கிவிடும். மாமாவின் தகட்டை விளக்குக்கு எதிரே பிடித்தபோது, எழுத்துகளின் சுழிகளில் ஊசித் துளைகள் போல் ஒளி தெரிந்தது.

சிறு காயங்களைக் குறுந்தகடு தானே ஆற்றிக்கொள்ளும். ஒரு நூலின் பக்கங்களைக் கலைத்துப் பத்து நண்பர்களிடம் பிரித்துக் கொடுப்பதாகக் கொள்வோம். ஒருவர் தம் கட்டைத் தொலைத்துவிட்டாலும் நூலில் தொடர்ச்சியாக ஓர் அத்தியாயம் முழுதும் போய்விடாது. ஆங்காங்கே ஒரு பக்கம்தான் குறையும். அப்பக்கங்களை மீட்க உதவும் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் முழு நூலும் கிடைத்துவிடும். குறுந்தகட்டில் எண்கள் இவ்வாறே பரப்பி, மீட்புக் குறிப்புகளோடு எழுதப்படுகின்றன. தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மி.மீ. நீளம் வரை அழிந்தாலும் எண்கள் பிழையின்றி மீட்கப்படும். அதற்கு மேல் போனால் கருவி உத்தேசமாக இட்டு நிரப்பும். அதுவும் இயலாதபோது மௌனமாகிவிடும். தகட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலை எளிதில் திருத்தலாம். தடத்தின் வழியே ஓடும் கீறலைத் திருத்துவது கடினம்.

தகட்டின் மேல் எழுத மென்முனைப் பேனாவையே பயன்படுத்துங்கள். அதுவும் உட்புறத்து ஊடுருவு வளையத்தில் எழுதுவது நலம். சாயத்துக்கு வெயிலும் வெப்பமும் பகை. தகட்டைச் சன்னலோரத்திலோ காரின் முன்கண்ணாடிக்குக் கீழோ வைக்க வேண்டாம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இன்னும் ஒரு செய்தி. வீட்டு உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட பதிவுக்கருவிகள் பல, இசைக்கென்று தனியே குறியிட்ட தகடுகளை மட்டுமே ஏற்கும். அந்தக் குறி, தகட்டின் முன்பள்ளத்திலேயே பதிந்துள்ளது, மாற்ற இயலாது. அத்தகைய தகடுகள் இன்று கிடைப்பது அரிது. தொழில்முறைக் கருவிகள் கணிப்பொறிக்கான சாதாரணத் தகடுகளையும் ஏற்கும். மேலும், வீட்டுக் கருவிகள் எண்முறையில் எடுத்த நகலிலிருந்து மறுநகல் எடுக்க விடுவதில்லை. விற்பனைப் பாடல்களைக் காக்க வந்த இந்தத் தடை, சொந்தப் பாட்டைப் பதிந்தவரையும் மறிக்கும். எனவே விலை சற்றுக் கூடினாலும் தொழில்முறைக் கருவியே வீட்டு ஒலிப்பதிவாளருக்கு ஏற்றது.

"கணிப்பொறி இருக்கும்போது இக்கருவி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கணிப்பொறியில் கலந்து, கணிப்பொறியிலேயே தகடு எழுதுபவருக்கு இது தேவையில்லை. கலவைக் கருவியையும் கேசட்டையும் வைத்துக்கொண்டு, திரையைப் பாராமல் காதை நம்பிப் பதிவு செய்பவருக்கு இது நல்ல துணை. பாட்டு முடியும்போது தகடும் முடிந்திருக்கும். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். சாயத் தகடு, பாட்டைக் கொண்டுசெல்லும் வண்டி. அதைக் காக்கும் பெட்டகமன்று. எழுதி மூடியதும் அதன் எண்களைக் கணிப்பொறிக்கு மாற்றி, இரண்டு வேறு இடங்களில் நகல் வையுங்கள். எண்களை நகலெடுப்பதால் தரம் குறைவதில்லை. முதல் நகலும் நூறாவது நகலும் ஒன்றே.

ஆகவே நல்ல பதிவுக்கருவி எது? தான் எழுதியதைத் தானே படித்துக் காட்டுவது அன்று; தான் இல்லாத காலத்திலும் பிற கருவிகள் படிக்குமாறு எழுதி வைப்பதே நல்ல கருவி. வாங்கும்போது கேட்கவேண்டிய மற்றக் கேள்விகள் எல்லாம் இந்த ஒன்றுக்குள் அடங்கும்.

மாமாவின் பாடல்களில் ஐந்து முழுமையாகக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கரகரப்போடு. அத்தைக்கு அந்தக் கரகரப்பு ஒரு பொருட்டாகவே இல்லை. ஏழாவது பாட்டு பாதியில் நிற்கும்போது மட்டும், மீதியைத் தாமே மெல்லப் பாடி முடிக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கக்கூடும். இன்று மாலை அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தகடுகளை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கருத்த வளையம் தெரிந்தால் அளவுகோலை எடுங்கள். மூடப்படாத தகடு என்றால், அதைப் படிக்கக்கூடிய கருவிகள் கிடைக்கும் காலத்திலேயே மூடிவிடுங்கள்.